ஆப்பிரிக்காவுல இன்ஜினியரிங் படிப்பும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியாவுல ஒரு ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல இருந்தேன், அப்புறம் தான்சானியா. ஊருக்கு லீவுல வந்தாலும் சரி வாட்ஸப்ல யாராவது பிடிச்சாலும் சரி, இதே கேள்விங்கதான் திரும்ப திரும்ப வருது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

கேள்வி: ஆப்பிரிக்காவுல இன்ஜினியரிங் படிப்பு தரமா இருக்குமா சார்?

முதல்ல, அங்க 54 நாடு இருக்கு. இங்கிலீஷ்காரன் ஆண்ட நாடு ஒரு மாதிரி, பிரெஞ்சுக்காரன் ஆண்டது வேற மாதிரி, அங்கோலா மொசாம்பிக்ல போர்ச்சுக்கீஸ்ல படிக்கணும், எகிப்து மொராக்கோ எல்லாம் தனி கதை. எனக்கு நேர்ல தெரிஞ்சது ரெண்டு நாடு, கூட வேலை பார்த்தவங்க மூலமா கானா, கென்யா, தென்னாப்பிரிக்கா பத்தி நல்லாவே தெரியும், அதனால இங்க எழுதறது பெரும்பாலும் அந்த நாடுங்கள பத்திதான். தரம்னு கேட்டா, நான் பார்த்த பசங்க தியரில நம்ம ஊர் பசங்களுக்கு கொஞ்சமும் குறைஞ்சவங்க இல்ல, சில பேர் மேத்ஸ்ல நம்மள தூக்கி சாப்பிட்டுருவாங்க. ஓட்டை வேற இடத்துல இருக்கு. படிச்ச பையன் முதல் தடவை மெஷின் கிட்ட போற இடத்துல, அவன அங்க யார் கூட்டிட்டு போறாங்கன்ற இடத்துல. கீழ எந்த கேள்வி எடுத்தாலும் நான் சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிப்பேன், முன்னாடியே சொல்லிடறேன்.

கேள்வி: சீட் எப்படி கிடைக்கும்? நம்ம மாதிரி கவுன்சிலிங்கா?

நைஜீரியாவுல ஜாம்ப்னு ஒரு போர்டு நடத்தற நுழைவுத்தேர்வு. நாலு பாடம், 400 மார்க், இங்கிலீஷ் எல்லாருக்கும் கட்டாயம், இன்ஜினியரிங்னா கூட மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி. வருஷத்துக்கு கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் எழுதறாங்க, எல்லாமே கம்ப்யூட்டர்லதான். 2025ல டெக்னிக்கல் கோளாறு ஆகி லாகோஸ்லயும் தென்கிழக்கு மாநிலங்கள்லயும் சேர்த்து சுமார் 3.8 லட்சம் பிள்ளைங்கள மறுபடி எழுத வச்சாங்க, நம்ம ஊர்ல நீட் வந்தா வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் அங்கயும். ஜாம்ப் தாண்டினா முடிஞ்சிதுன்னு இல்ல, பல யூனிவர்சிட்டி தனியா இன்னொரு ஸ்கிரீனிங் வைக்கும், ஸ்கூல் பரீட்சையில இங்கிலீஷ் மேத்ஸ் உட்பட அஞ்சு பாடத்துல கிரெடிட்ங்கிற கிரேடு இருக்கணும்.

கென்யால ஸ்கூல் முடிக்கறப்ப எழுதற கேசிஎஸ்இ மார்க்தான், டிகிரிக்கு குறைஞ்சது சி பிளஸ், அப்புறம் சென்ட்ரலா அலாட்மென்ட். பிரெஞ்சு நாடுங்கள்ல கான்கூர்னு போட்டித்தேர்வு, ரெண்டு வருஷம் பிரெப்பா கிளாஸ்ல மேத்ஸ் பிசிக்ஸ் போட்டு பிழிஞ்சிட்டு அதுக்கப்புறம் மூணு வருஷம் இன்ஜினியரிங் ஸ்கூல். கோட் டிவார்ல (ஐவரி கோஸ்ட்) யாமூசுக்ரோல இருக்கிற ஐஎன்பி-எச்பி அந்த ரகத்துல பெரிய பேரு.

கேள்வி: எத்தனை வருஷம் படிக்கணும்?

கானா, உகாண்டா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நாலு வருஷம். நைஜீரியா, கென்யா, எத்தியோப்பியா, எகிப்து அஞ்சு. இது பேப்பர்ல.

கேள்வி: பேப்பர்லன்னா?

நைஜீரியால கவர்மென்ட் யூனிவர்சிட்டில அஞ்சு வருஷ கோர்ஸ் எத்தனை வருஷத்துல முடியும்னு சேரும்போது யாருக்கும் தெரியாது. வாத்தியார் சங்கம், அசூனு சொல்லுவாங்க, ஸ்ட்ரைக்ல இறங்கினா மாசக்கணக்குல கேட் மூடிடும். 2020ல மார்ச்ல ஆரம்பிச்சது டிசம்பர்லதான் முடிஞ்சுது. 2022ல பிப்ரவரி 14ல ஆரம்பிச்சு அக்டோபர் 14 வரைக்கும், முழுசா எட்டு மாசம். நடுவுல மாட்டின பசங்க ஏழு வருஷம் கழிச்சு வெளிய வந்த கதையெல்லாம் இருக்கு. சங்கத்த மட்டும் குத்தம் சொல்லவும் முடியல, 2009ல கவர்மென்ட் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்த நிறைவேத்துங்கன்னுதான் அத்தன வருஷமும் கேட்டுட்டு இருந்தாங்க, லேப் பணம் பில்டிங் பணம் எல்லாம் அதுக்குள்ளதான் அடக்கம். ஆனா பையன் பக்கம் இருந்து பாருங்க, மூணாவது வருஷத்துல படிச்ச தெர்மோடைனமிக்ஸ் எட்டு மாசம் கேப் விட்டு வந்தா எங்க இருக்கும்? காசு இருக்கறவங்க பிரைவேட் யூனிவர்சிட்டிக்கு போயிடறாங்க, அங்க ஸ்ட்ரைக் கிடையாது, ஃபீஸ்தான் சாதாரண குடும்பத்துக்கு எட்டாது.

கேள்வி: பாலிடெக்னிக் படிச்சா மதிப்பு இருக்கா? என் தம்பி டிப்ளமோதான், அங்க ட்ரை பண்ணலாமான்னு கேக்கறான்.

இது பெரிய சப்ஜெக்ட், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நைஜீரியாவ எடுத்துக்கோங்க. பாலிடெக்னிக்ல ரெண்டு வருஷம் என்டி (நேஷனல் டிப்ளமோ), ஒரு வருஷம் கம்பெனில ட்ரெயினிங், அப்புறம் திரும்பி வந்து ரெண்டு வருஷம் எச்என்டி (ஹையர் நேஷனல் டிப்ளமோ). கூட்டிப் பாருங்க, அஞ்சு வருஷம், யூனிவர்சிட்டி பிஇங் படிச்சவனுக்கு சமம், அதுலயும் ஒரு வருஷம் கைவேலை பார்த்துட்டு வர்றான். அப்ப இவனுக்குதானே மவுசு ஜாஸ்தி இருக்கணும்? நடக்கறது தலைகீழ். கவர்மென்ட் வேலைல டிகிரிக்காரன் 8வது கிரேடுல நுழைவான், எச்என்டிக்காரன் ரொம்ப காலமா 7ல நுழைஞ்சு 14ல மூட்டை கட்டணும்ங்கிற நிலைமை. இந்த பாகுபாட்ட ஒழிக்கறோம் ஒழிக்கறோம்னு எத்தனையோ அமைச்சர்கள் பேசிட்டாங்க. பிரைவேட்லயும் விளம்பரத்துல பிஎஸ்சி ஆர் எச்என்டின்னு போடுவான், ஆள் எடுக்கும்போது முதல் கட்டுல யாரு ரெஸ்யூம் இருக்கும்னு சொல்லவே வேணாம்.

இதோட விளைவு, எச்என்டி முடிச்சவன் கைல ஸ்பேனர் எடுக்கறதுக்கு பதிலா ஒரு பிஜி டிப்ளமோ, ஒரு எம்எஸ்சின்னு சர்டிஃபிகேட் சேர்க்க கிளம்பிடறான். பாலிடெக்னிக்கும் தன்ன யூனிவர்சிட்டின்னு மாத்திக்க துடிக்குது. கானால 2016ல பாலிடெக்னிக்க எல்லாம் டெக்னிக்கல் யூனிவர்சிட்டின்னு மாத்த ஆரம்பிச்சாங்க, கென்யா பாலிடெக்னிக் 2013ல டெக்னிக்கல் யூனிவர்சிட்டி ஆஃப் கென்யா ஆச்சு. போர்டு மாறினா லேத் தானா ஓடுமா. நடுவுல இருக்க வேண்டிய டெக்னீஷியன் கூட்டம்தான் இதுல காணாம போச்சு, ஃபேக்டரில ஆள் தேடி அலையறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். டிகிரி முடிச்சு அப்ளிகேஷன் போட்டவங்க கட்டு கட்டா இருப்பாங்க, ஒரு பிஎல்சி பேனல (மெஷின ஓட்டற கன்ட்ரோல் பேனல்) தனியா ட்ரபுள்ஷூட் பண்ற ஆள் ஒருத்தர் கிடைக்க மாசக்கணக்காகும்.

உங்க தம்பிக்கு பதில்: சும்மா டிப்ளமோன்னா கஷ்டம். டிப்ளமோ கூட சிஎன்சி, பாய்லர், இன்ஜெக்ஷன் மோல்டிங், டெக்ஸ்டைல் மெஷின்னு ஏதாவது ஒண்ணுல அஞ்சாறு வருஷம் கை பழகியிருந்தா தாராளமா வாய்ப்பு இருக்கு, அந்த நடு இடம்தான் அங்க காலியா கிடக்குது.

கேள்வி: இன்டர்ன்ஷிப் மாதிரி எதுவும் கிடையாதா?

இருக்கு, நம்ம ஊர விட நல்ல சட்டமே இருக்கு. நைஜீரியால சிவெஸ்னு ஒரு திட்டம், 1973ல இருந்து நடக்குது. இன்ஜினியரிங் படிக்கற ஒவ்வொருத்தரும் ஆறு மாசம் கம்பெனில இருந்தே ஆகணும், இல்லனா டிகிரி கிடையாது. நம்ம ஊர்ல ஒரு வாரம் இன்பிளான்ட் ட்ரெயினிங் போயிட்டு கேன்டீன்ல வடை சாப்பிட்டுட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வர்றோமே, அதோட ஒப்பிட்டா சொர்க்கம்.

ஆனா கம்பெனிய பையனே தேடிக்கணும். கைல ஒரு லெட்டர் வச்சுக்கிட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கேட் கேட்டா ஏறி இறங்குவாங்க, செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிடுவான். மாமா சித்தப்பா யாராவது உள்ள இருந்தா நுழையலாம். இடம் கிடைக்காதவன் மெக்கானிக்கல் படிச்சுட்டு பேங்க் பிராஞ்ச்ல ஜெனரேட்டர் பாத்துக்கறது, இல்லன்னா சைபர் கஃபேல உக்காந்துட்டு வர்றது.

லாக்புக் ஒண்ணு தருவாங்க. தினமும் என்ன வேலை பார்த்தோம்னு நாலு வரி எழுதணும், பக்கத்துலயே ஸ்கெட்ச் போட இடம் இருக்கும், வாரக்கடைசில கம்பெனி சூப்பர்வைசர் கையெழுத்து போடணும். என்கிட்ட அப்படி கையெழுத்துக்கு வர்றவங்க லாக்புக்க புரட்டிப் பார்த்தாலே எந்த டிபார்ட்மென்ட்ல என்ன மரியாதை கிடைக்குதுன்னு தெரிஞ்சிடும். ஒரு பொண்ணு, கெமிக்கல் இன்ஜினியரிங், முதல் மாசம் பூரா "ஃபைல்களை அடுக்கினேன்"னு நேர்மையா எழுதியிருந்தா, ஸ்கெட்ச் பக்கத்துல ஃபைல் ராக் படம் வேற, டைமென்ஷனோட. சிரிப்பு வந்துச்சு, வெட்கமாவும் இருந்துச்சு. அடுத்த வாரம் பாய்லர் ஃபீட் வாட்டர் டெஸ்டிங்ல போட்டோம், ஹார்ட்னஸ் டைட்ரேஷன் தினமும் அவளே பண்ண ஆரம்பிச்சா, ரெண்டே வாரத்துல சாஃப்ட்னர் எப்ப ரீஜெனரேட் பண்ணணும்னு ஷிஃப்ட் ஆளுங்களுக்கு அவதான் சொல்லிட்டு இருந்தா. திட்டம் நல்ல திட்டம்தான், உள்ள இருக்கிற ஆளுக்கு சொல்லிக்குடுக்க மனசும் நேரமும் இருக்கணும், கம்பெனிக்கு அதுல ஏதாவது லாபம் இருக்கணும், அந்த ரெண்டையும் எந்த சுற்றறிக்கையும் கொண்டு வந்து தராது.

கேள்வி: டிகிரி முடிச்ச உடனே வேலைதானே?

நைஜீரியால இல்ல. டிகிரியோ எச்என்டியோ 30 வயசுக்குள்ள முடிச்சவங்க ஒரு வருஷம் நாட்டு சேவை பண்ணணும், என்ஒய்எஸ்சி. மூணு வாரம் கேம்ப், காக்கி பேன்ட், அப்புறம் எந்த மாநிலத்துல போடறாங்களோ அங்க. சிவில் இன்ஜினியர் கிராமத்து ஸ்கூல்ல மேத்ஸ் நடத்தறது சர்வசாதாரணம். மாசம் 33,000 நைரா குடுத்துட்டு இருந்தாங்க, இப்ப 77,000. கானாலயும் ஒரு வருஷ சேவை உண்டு.

கேள்வி: பேருக்கு முன்னாடி எல்லாரும் இன்ஜினியர்னு போட்டுக்கறாங்களே?

போட்டுக்க லைசென்ஸ் வேணும். இந்த விஷயத்துல அவங்க நம்மள விட ரொம்ப கறார். நைஜீரியால கோரென்ங்கிற கவுன்சில், 1970ல வந்தது, கென்யால இன்ஜினியர்ஸ் போர்டு, தென்னாப்பிரிக்கால எக்சா. டிகிரிய காட்டினா கிராஜுவேட்னோ கேன்டிடேட்னோ எழுதிப்பாங்க, அப்புறம் சீனியர் இன்ஜினியர் கீழ குறைஞ்சது மூணு நாலு வருஷம் வேலை பார்த்து ரிப்போர்ட் குடுத்து இன்டர்வியூ தாண்டினாதான் முழு இன்ஜினியர். கென்யால யூனிவர்சிட்டி கோர்ஸ் ஆரம்பிச்சிடும், போர்டு அத ஒத்துக்காது, நடுவுல படிச்சு முடிச்ச பசங்க பதிவு ஆக முடியாம கோர்ட்டுக்கு போன சம்பவம் எல்லாம் நடந்திருக்கு. அதனால அங்க சேர்றவங்களுக்கு முதல் அறிவுரையே, காலேஜ் பில்டிங்க பாக்காத, போர்டு லிஸ்ட்ட பாரு.

எனக்கு ரொம்ப பிடிச்சது தான்சானியா ஏற்பாடு. அவங்க இன்ஜினியர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் போர்டு 2003ல சீப்னு ஒரு அப்ரென்டிஸ் திட்டம் கொண்டு வந்தாங்க. டிகிரி முடிச்சவன மூணு வருஷம் ஒரு புரொஃபஷனல் இன்ஜினியர் கைல ஒப்படைச்சு, எந்தெந்த வேலைய தொடணும்னு திட்டம் போட்டு, போர்டே கண்காணிக்கும். பதிவு ஆகற அன்னைக்கு மேடைல நின்னு சத்தியப்பிரமாணம் வேற. பணம் தட்டுப்பாடு, எல்லாருக்கும் இடம் கிடைக்கறதில்ல, அதெல்லாம் உண்டு. ஆனா நான் மேல சொன்ன அந்த ஓட்டைய நேரா கண்டுபிடிச்சு கை வச்ச திட்டம் இது.

கேள்வி: இவ்வளவு நாள் ஏன் சரி பண்ணல? சோம்பேறித்தனம்தானே?

இப்படி கேக்கறவங்க மேல எனக்கு கோவம் வரும். 1964ல ஜாம்பியா சுதந்திரம் வாங்கும்போது நாடு பூரா டிகிரி முடிச்ச உள்ளூர்க்காரங்க சுமார் 100 பேர். தாமிர சுரங்கம் மட்டும் மலை மலையா இருந்துச்சு. நமக்கு 1947க்கு முன்னாடியே கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் நூறு வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருந்துச்சுன்றத மறந்துடக்கூடாது. அங்க ஆட்சி பண்ணவனுக்கு கிளார்க் வேணும், கொத்தனார் வேணும், இன்ஜினியர கப்பல்ல கொண்டு வந்துப்பான். உகாண்டா மேக்கரேரே யூனிவர்சிட்டி 1922ல ஆரம்பிச்சதே 14 பசங்களுக்கு தச்சு வேலை, கட்டட வேலை, மெக்கானிக் வேலை சொல்லித்தர்ற ஸ்கூலாத்தான். கைத்தொழில் படிப்புன்னா உனக்கு இவ்வளவுதான்னு வெள்ளைக்காரன் போட்ட எல்லைன்னு ஜனங்க மனசுல பதிஞ்சிடுச்சு, அதனாலதான் சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லா அப்பா அம்மாவும் பிள்ளைங்கள ஒயிட் காலருக்கு தள்ளினாங்க, இதுல அவங்க தப்பு என்ன?

அப்புறம் அறுபது எழுபதுகள்ல நல்லாவே கட்டினாங்க. கானா குமாசில கேஎன்யூஎஸ்டி யூனிவர்சிட்டி, நைஜீரியா சாரியால அகமது பெல்லோ யூனிவர்சிட்டி, தார் எஸ் சலாம்ல ஜெர்மன் உதவியோட 1973ல இன்ஜினியரிங் ஃபேகல்ட்டி. எண்பதுகள்ல கடன் நெருக்கடி வந்துச்சு, உலக வங்கி வந்து ஆரம்பக் கல்வில போட்ற பணத்துக்குத்தான் லாபம் ஜாஸ்தி, யூனிவர்சிட்டிக்கு செலவு பண்றத குறைன்னு சொல்லுச்சு, பத்து பதினஞ்சு வருஷத்துல லேப் எல்லாம் மியூசியம் ஆயிடுச்சு. அதே உலக வங்கி 2014ல இருந்து ஆப்பிரிக்க யூனிவர்சிட்டிங்கள்ல சென்டர் ஆஃப் எக்சலன்ஸ் கட்ட கடன் குடுக்குது. சிரிக்கறதா அழறதா தெரியல.

கேள்வி: காலேஜே போகாத மெக்கானிக்குங்க நிறைய பேர் இருப்பாங்களே?

இருப்பாங்களேவா, அவங்கதான் அந்த ஊர ஓட்டறாங்க. கானால குமாசி டவுன்ல சுவாமே மேகசின்னு ஒரு ஏரியா. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் ஒர்க்‌ஷாப், இன்ஜின் பிரிக்கறவன், கிராங்க் அரைக்கறவன், லாரி பாடி கட்டறவன், அலுமினியத்த உருக்கி சட்டி வார்க்கறவன், பழைய பார்ட்ஸ் மட்டும் விக்கறவன், எல்லாம் ஆயிரக்கணக்குல. சின்ன பசங்க மாஸ்டர் கிட்ட மூணு நாலு வருஷம் இருந்து தொழில் கத்துப்பாங்க, எந்த சிலபஸும் கிடையாது. கானாக்காரர் ஒருத்தர் எங்க பிளான்ட்ல ஃபிட்டரா இருந்தார், அங்க கத்துக்கிட்டவர், இன்ஜின் ஓடும்போது ஸ்க்ரூட்ரைவர் முனைய பாடில வச்சு கைப்பிடிய காதுல வச்சு எந்த பேரிங் போயிடுச்சுன்னு சொல்லிடுவார், வைப்ரேஷன் மீட்டர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவர் போல்ட்ட கழட்டிட்டு இருப்பார்.

இதுல அழகான விஷயம், கேஎன்யூஎஸ்டி யூனிவர்சிட்டி இவங்கள தேடி வந்துச்சு. 1972ல டெக்னாலஜி கன்சல்டன்சி சென்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவங்க 1980ல சுவாமே உள்ளயே ஒரு யூனிட் போட்டு, லேத் மில்லிங் எல்லாம் வச்சு, வெறும் ரிப்பேர் பார்த்துட்டு இருந்தவங்கள போல்ட் நட் செய்யறது, விவசாய மெஷின் செய்யறதுன்னு உற்பத்தி பக்கம் திருப்பினாங்க. அது நல்லா போகவே 1987ல இருந்து கிராட்டிஸ்னு திட்டம் போட்டு மத்த மாநிலங்களுக்கும் கொண்டு போனாங்க. புரொஃபசர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா இத படிங்க. கென்யால இந்த மாதிரி தொழில்காரங்கள ஜுவா காலின்னு சொல்லுவாங்க, வெயில்ல நின்னு வேலை பாக்கறவங்க, அங்க பெரும்பாலான ஜனங்களுக்கு சோறு போடறதே அதுதான்.

கேள்வி: எந்த துறைல வேலை இருக்கு?

கரன்ட். சகாராவுக்கு தெற்க சுமார் 60 கோடி பேருக்கு இன்னும் வீட்ல கரன்ட் இல்ல, அப்ப இன்னும் எவ்வளவு லைன் இழுக்கணும், எவ்வளவு சோலார் போடணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. எத்தியோப்பியா நைல் நதில 5,150 மெகாவாட் அணை 2025 செப்டம்பர்ல திறந்துச்சு, தான்சானியால நியரேரே அணை 2,115 மெகாவாட்.

ஆனா நான் எல்லாருக்கும் சொல்ற உதாரணம் கென்யாவோட ஜியோதெர்மல். நைவாஷா பக்கம் ஓல்காரியால பூமிக்குள்ள ரெண்டு மூணு கிலோமீட்டர் துளை போட்டு நீராவி எடுத்து டர்பைன் ஓட்டறாங்க, நாட்டோட மின்சாரத்துல சுமார் நாற்பது சதவீதம் ஜியோதெர்மல்ல இருந்து வருது. ஆரம்பத்துல வெளிநாட்டு ஆளுங்கதான். எழுபதுகள் கடைசில ஐஸ்லாந்துல ஐநா யூனிவர்சிட்டி ஜியோதெர்மல் ட்ரெயினிங் ஒண்ணு தொடங்குச்சு, ஆறு மாச கோர்ஸ், கென்யாக்காரங்க வருஷா வருஷம் போனாங்க, போனவங்க திரும்பி வந்து அதே கிணத்துல வேலை பார்த்தாங்க, அடுத்தவனுக்கு சொல்லிக்குடுத்தாங்க. இன்னைக்கு கென்யாவோட கரன்ட் கம்பெனி கென்ஜென் எத்தியோப்பியாக்கும் ஜிபூட்டிக்கும் போய் காசு வாங்கிட்டு கிணறு தோண்டிக் குடுக்குது. படிப்புக்கும் ரிக்குக்கும் நடுவுல கேப் விடாததால நடந்தது இது.

மத்தபடி ரோடு, சுரங்கம், டெலிகாம் டவர், சிமென்ட், கூல்ட்ரிங்க்ஸ் பாட்லிங், எண்ணெய். லாகோஸ் பக்கத்துல லெக்கில டாங்கோட்டே ரிஃபைனரி, நாளைக்கு 6,50,000 பேரல், 2024 ஜனவரில உற்பத்தி ஆரம்பிச்சுது. கட்டும்போது நம்ம ஆளுங்க ஏகப்பட்ட பேர் அங்க, நைஜீரிய பசங்களையும் இந்திய ரிஃபைனரிகளுக்கு ட்ரெயினிங் அனுப்பினாங்க.

கேள்வி: சீனாக்காரங்க எல்லா வேலையும் எடுத்துக்கறாங்கன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. மேல்மட்ட டிசைன் வேலை பெரும்பாலும் பெய்ஜிங்ல இருந்து வரும், சைட்ல கூலி வேலை உள்ளூர்க்காரங்க, நடுவுல இருக்கிற இன்ஜினியர் சேர்லதான் சண்டை. ஆனா அவங்க ட்ரெயினிங்கே தர்றதில்லன்னு சொல்றது பழைய கதை. அடிஸ் அபாபா ஜிபூட்டி ரயில்வேக்காக 2019ல ஜிபூட்டில லூபான் ஒர்க்‌ஷாப்னு ஒண்ணு திறந்தாங்க, ஆப்பிரிக்கால அதுதான் முதல், இப்ப பல நாட்டுல இருக்கு. அவங்க மெஷினுக்கு அவங்க முறைல ஆள் தயார் பண்றாங்க, நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸும் அவங்க கிட்டதான் வாங்கணும். கெட்டிக்காரங்க.

கேள்வி: தென்னாப்பிரிக்கா ரொம்ப முன்னேறின நாடுதானே, அங்க இந்த பிரச்சனை எல்லாம் இருக்காதே?

டாப் யூனிவர்சிட்டிங்க உலகத்தரம். 1999ல இருந்து வாஷிங்டன் அக்கார்டுல (இன்ஜினியரிங் டிகிரிய நாடுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கற ஒப்பந்தம்) இருக்காங்க, இந்தியா சேர்ந்ததே 2014லதான். ஆனா அங்க ஓட்டை வேற மாதிரி. சுரங்கத்துல வெடி வைக்கிற சர்டிஃபிகேட் கூட கறுப்பினத்தவருக்கு கிடையாதுன்னு எண்பதுகள் கடைசி வரைக்கும் சட்டம் இருந்த நாடு. இன்னைக்கும் ஸ்கூல்ல மேத்ஸ்னு ஒண்ணு, மேத்தமெட்டிக்கல் லிட்டரசின்னு ஈசியா ஒண்ணு, ஏழை ஸ்கூல்ல ரெண்டாவத எடுத்தவனுக்கு இன்ஜினியரிங் கதவு பத்தாம் கிளாஸ்லயே மூடிடும். பழைய டிப்ளமோவுக்கு ஒரு வருஷம் கம்பெனி அனுபவம் கட்டாயம், கம்பெனி கிடைக்காததால எல்லா பேப்பரும் பாஸ் பண்ணியும் சர்டிஃபிகேட் வாங்காம நின்ன பசங்க ஏராளம்.

டர்பன் பக்கம் போனீங்கன்னா ஒரு விஷயம் கவனிங்க. டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியோட ஒரு வேர், 1946ல தொடங்கின எம் எல் சுல்தான் டெக்னிக்கல் காலேஜ். கேரளா பக்கத்துல இருந்து ஒப்பந்தக் கூலியா போய் வியாபாரத்துல சம்பாதிச்ச சுல்தான்ன்றவர் குடுத்த பணத்துல வந்தது, இந்தியர்களுக்கு மத்த இடத்துல டெக்னிக்கல் படிப்பு கிடைக்காத காலம் அது. கரும்புத் தோட்டத்துக்கு போன நம்ம தமிழ்க் குடும்பத்து பிள்ளைங்க எத்தனையோ பேர் அதுல படிச்சு மேல வந்திருக்காங்க.

கேள்வி: பொண்ணுங்க படிக்கறாங்களா?

படிக்கறாங்க, எண்ணிக்கை கம்மி. தான்சானியால நான் சொன்ன சீப் திட்டத்துல பொண்ணுங்களுக்குன்னு நார்வே பணம் குடுத்துச்சு, அதுக்கப்புறம் பதிவு ஆகற பொண்ணுங்க கூடினாங்க. நைரோபில அகிராசிக்ஸ்னு 2010ல இருந்து பொண்ணுங்களுக்கு கோடிங் சொல்லித்தர்றாங்க. சைட்ல டாய்லெட் கட்டாத கம்பெனிங்க முதல்ல அத கட்டட்டும், மத்தது அப்புறம்.

கேள்வி: ஐஐடி மெட்ராஸ் அங்க கேம்பஸ் ஆரம்பிச்சது உண்மையா?

உண்மை, 2023ல, தான்சானியாவோட சான்சிபார் தீவுல. இந்தியாவுக்கு வெளிய வந்த முதல் ஐஐடி கேம்பஸ். பொறுப்பு ஏத்துக்கிட்டவங்க ப்ரீத்தி அகாலயம், ஐஐடி ஒண்ணுக்கு பொண்ணு டைரக்டரானது அதுதான் முதல் தடவை. டேட்டா சயின்ஸ் ஏஐல நாலு வருஷ பிஎஸ், எம்டெக்னு ஆரம்பிச்சிருக்காங்க. நல்ல விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா அந்த கண்டத்துல இன்னைக்கு தட்டுப்பாடு டேட்டா சயின்டிஸ்டா, டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பேர் ஆளான்னு என்ன கேட்டா நான் ரெண்டாவததான் சொல்லுவேன். கிகாலில கார்னெகி மெலன் யூனிவர்சிட்டி 2011ல வந்தப்பவும் இதே விவாதம்தான். தேவை ரெண்டுமே இருக்கு, காசு மட்டும் ஒரு பக்கமா சாயுது.

கேள்வி: படிச்சவங்க எல்லாம் ஏன் வெளிநாடு ஓடறாங்க?

2023 ஜூன்ல நைராவ மிதக்க விட்டாங்க, டாலருக்கு 460 இருந்தது எட்டு ஒன்பது மாசத்துல 1,500 பக்கம் போயிடுச்சு. அதே சம்பளம், மூணுல ஒரு பங்கு மதிப்பு. நீங்களா இருந்தா இருப்பீங்களா?

கேள்வி: சாஃப்ட்வேர் பண்ணா?

லாகோஸ், நைரோபி, கெய்ரோ மூணு ஊர்லயும் நல்ல மார்க்கெட். கென்யால போன்லயே பணம் அனுப்பற எம்பெசா 2007லயே வந்துடுச்சு, நம்ம யூபிஐக்கு ஒன்பது வருஷம் முன்னாடி. லாகோஸ் பசங்க கட்டின பேஸ்டாக்ங்கிற ஆன்லைன் பேமென்ட் கம்பெனிய அமெரிக்காவோட ஸ்ட்ரைப் 2020ல 20 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்குச்சு. எலக்ட்ரிக்கல் சிவில் படிச்சவன் எல்லாம் லேப்டாப் பக்கம் போறது அங்கயும் நடக்குது, ஏன்னா கோடிங் பழக ஒரு லேப்டாப்பும் நெட்டும் போதும், யார் கேட்லயும் லெட்டரோட நிக்க வேணாம்.

கேள்வி: நம்ம ஊர்ல இருந்து வேலைக்கு போகணும்னா என்ன பாக்கணும்?

கம்பெனிக்கு எக்ஸ்பேட்ரியேட் கோட்டா (வெளிநாட்டு ஆள வேலைக்கு வைக்க அனுமதி) இருக்கா, நைஜீரியான்னா அங்க தங்கி வேலை பாக்கறதுக்கான செர்பேக் கார்டு யார் எடுத்துத் தருவாங்கன்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்குங்க. விசிட் விசால வா, அங்க வந்து மாத்திக்கலாம்னு சொல்ற ஏஜென்ட்ட அன்னைக்கே பிளாக் பண்ணிடுங்க. சம்பளம் எந்த கரன்சில, பாதி ஊர்ல பாதி அங்கயா, மேல சொன்ன நைரா கதைய ஞாபகம் வச்சுட்டு பேசுங்க. மஞ்சக்காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போட்டுக்கலாம், கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியாவது போடணும், கார்ட பாஸ்போர்ட் கூடவே வைங்க, திரும்பி வரும்போது இல்லன்னா நம்ம ஏர்போர்ட்லயே ஆறு நாள் குவாரன்டைன் பண்ணுவாங்க. மலேரியாவ சாதாரண காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் போட்டு படுக்காதீங்க, அன்னைக்கே ரத்தம் டெஸ்ட்.

கேள்வி: வேற ஏதாவது கத்துட்டு போகணுமா?

தான்சானியா கென்யான்னா ஸ்வாஹிலி ஒரு மாசத்துல பேச்சுக்கு வந்துடும், நைஜீரியான்னா பிட்ஜின் (அங்க பேசற கலப்பு இங்கிலீஷ்) காதுல விழ விழ பழகிடும். எங்க போனாலும் வணக்கம் சொல்லி வீட்ல எல்லாரும் சுகமான்னு கேக்காம நேரா வேலைய பேசாதீங்க, அதுவும் பெரியவங்க கிட்ட, முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் எந்த பிராஞ்ச் இன்ஜினியரா இருந்தாலும் டீசல் ஜெனரேட்டர் பத்தி நல்லா தெரிஞ்சுட்டு போங்க, ஏவிஆர் (வோல்டேஜ் ரெகுலேட்டர்), சேஞ்ச்ஓவர், ஃபியூவல் ஃபில்டர், லோட் ஷேரிங், இந்த நாலும். இன்டர்வியூல கேக்க மாட்டாங்க, சேர்ந்த முதல் வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும்.